மூன்றாவது கைக்கு என்ன விலை?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, எதிர்கால உலகத்தில் ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் விளையாட்டில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் யாராவது ஒருவர் கூடுதலாக இரண்டு இயந்திரக் கை கேட்பார். எதற்கு என்று விசாரித்தால் பதில் தயாராக இருக்கும்: "நாலு கைல நாலு துப்பாக்கி!"

இந்த ஆசைக்குப் பேர்போன விலை வைத்தவர் மைக் பாண்ட்ஸ்மித். 1988இல் வந்த அவருடைய 'சைபர்பங்க்' ஆட்டத்தின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பான 'சைபர்பங்க் ரெட்'டில் கணக்கு இப்படிப் போகிறது. சொந்தக் கைகளுக்குக் கீழே இன்னொரு ஜோடி மாட்ட முதலில் செயற்கைத் தோள் ஒன்று வேண்டும். அது 1,000 யூரோடாலர். கை ஒன்றுக்கு 500. ஆக 2,000. இது கடைக்காரருக்குக் கொடுக்கும் பணம் மட்டும். தோளுக்கு 14, கைகளுக்கு ஏழேழு என்று மனிதத்தன்மைப் புள்ளியிலும் 28 போய்விடும். பரிவு என்ற குண அளவு 6 உள்ள ஆளிடம் தொடக்கத்தில் 60 மனிதத்தன்மைப் புள்ளி இருக்கும். மாட்டி முடித்ததும் மிச்சம் 32, அதனால் பரிவும் 3 ஆகிவிடும். பாத்திரத்தை உருவாக்கும்போதுதான் இந்த நிலையான கணக்கு. ஆட்டத்தின் நடுவே வாங்கினால் தோளுக்கு நான்கு பகடை, கைக்கு இரண்டிரண்டு பகடை உருட்டி, விழுந்ததை இழக்க வேண்டும். சுழியத்துக்கும் கீழே இறங்கினால் புத்தி பேதலித்துவிடும். அதன்பிறகு அந்த ஆள் உங்களுடையவன் இல்லை, ஆட்டத்தை நடத்துபவர் கைக்குப் போய்விடுவான்.

நாடகமாகப் பார்த்தால் பிரமாதம். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. கை கூடினால் இரக்கம் ஏன் குறைய வேண்டும்?

ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸின் 'கர்ப்ஸ்' நான்காம் பதிப்பு ஆன்மாவைத் தொடுவதில்லை. பாத்திரத்தை உருவாக்கத் தரும் புள்ளிகளில் கூடுதல் கை ஒன்றுக்கு 10, அவ்வளவுதான். ஆனால் கை கூடியதால் மட்டும் அடி கூடாது. ஒரு சுற்றில் இன்னொரு முறை தாக்க வேண்டுமென்றால் தனியாக 25 புள்ளி கட்ட வேண்டும். 2017இல் வந்த 'ஸ்டார்ஃபைண்டர்' ஆட்டத்தில் கசாத்தா என்ற இனத்துக்குப் பிறவியிலேயே நான்கு கை. நான்கிலும் ஆயுதம் பிடிக்கலாம்; தாக்கும் எண்ணிக்கை மற்றவர்களுக்கு உள்ளதுதான். நாலு துப்பாக்கிக்காரர்களின் முகம் வாடும் இடம் இது. அடுப்பில் நாலு பர்னர் எரிந்தாலும் சமைக்கிறவருக்குக் கவனம் ஒன்றுதானே.

நிஜத்திலும் ஒரு கூடுதல் உறுப்பு இருக்கிறது. டேனி க்ளோட் வடிவமைத்த 'மூன்றாம் கட்டைவிரலை' உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கமாகக் கட்டிக்கொள்கிறார்கள். அதை இயக்குவது கால் பெருவிரல்கள்: ஒன்றை அழுத்தினால் உள்ளங்கைக்குக் குறுக்கே போகும், மற்றதை அழுத்தினால் விரல்களை நோக்கி எழும். 2022இல் லண்டன் ராயல் சொசைட்டியின் கோடைக் கண்காட்சியில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இதை 596 பேருக்கு மாட்டிவிட்டுப் பார்த்தார்கள். மூன்று வயதுக் குழந்தை முதல் 96 வயதுப் பெரியவர் வரை இருந்த அந்தக் கூட்டத்தில் 98 சதவீதம் பேர் முதல் நிமிடத்திலேயே அதைப் பயன்படுத்திவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ஆய்வில் வேறொன்றும் தெரிந்தது. ஐந்து நாள் பயிற்சிக்குப் பின், சொந்த விரல்கள் ஒவ்வொன்றுக்கும் மூளையில் இருந்த தனித்தனி அடையாளம் கொஞ்சம் மங்கியிருந்தது.

ஆக, விலை உண்டு. பரிவைக் கொடுத்து வாங்கவில்லை; கால் விரலைக் கொடுத்து வாங்குகிறோம். பாத்திரத் தாளில் எழுத இதைவிடச் சுவையான விதி எனக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து துரத்துகிறார்கள், மூன்றாவது கையால் கதவின் பூட்டைத் திறந்தாக வேண்டும். கை வேலை செய்ய வேண்டுமானால் கால் நிற்க வேண்டும். நிற்பதா, ஓடுவதா?

ஆட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது நாலு கை கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். மனிதத்தன்மைப் புள்ளியில் கைவைக்காதீர்கள். கூடுதல் கை அசையும் சுற்றில் கால் அசையக் கூடாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.