தலைக்கு மேல் நிற்கும் கதவு

ஈப்போ புந்தோங்கின் கச்சாங் பூத்தே கம்பத்தில் கடலையும் முறுக்கும் ஓமப்பொடியும் பொட்டலங்களாகி வேன்களில் ஏறுகின்றன. தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் தொழில் இது. ஒரு காலத்தில் தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் போன பண்டம், இன்று வேனில் போகிறது. பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தைக்கு வந்து சேர்ந்ததும் வேனின் பின் கதவு மேலே எழும்புகிறது. அந்தக் கதவுதான் கடையின் கூரை. விளக்கு மாட்டுவதும் பொட்டலங்களைத் தொங்கவிடுவதும் அதில்தான். விற்பவரும், வாங்க வந்தவரும், அவர் கைப்பிடித்து வந்த பிள்ளையும் இரவு முழுக்க அதன் கீழேதான் நிற்கிறார்கள்.

அந்தக் கதவை எது தாங்கிப் பிடித்திருக்கிறது என்று யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

2025ஆம் ஆண்டு பேராக் மாநிலம் இரண்டு பெரிய சாலை விபத்துகளைக் கண்டது. மே மாதம் தெலுக் இந்தானில் கலகத் தடுப்புப் போலீசார் ஒன்பது பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து 15 பல்கலைக்கழக மாணவர்கள் மாண்டார்கள். அதன் பிறகு வேகம், பிரேக், இருக்கை வார், வாகனச் சோதனை என்று நாடே பேசியது. பேச வேண்டியதுதான். ஆனால் இந்தப் பேச்செல்லாம் ஓடுகிற வாகனத்தோடு நின்றுவிடுகிறது. நிறுத்திய வாகனத்தைச் சுற்றி வேலை செய்கிறவர்கள் நம்மில் ஆயிரக்கணக்கானோர். காய்கறி வேன், மீன் வேன், உணவு லாரி, சரக்கு லாரி, விரைவுப் பேருந்து எனப் பலவற்றில் மேல்நோக்கித் திறக்கும் கதவு உண்டு. அது சரியாக முட்டுக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்பதும் சாலைப் பாதுகாப்பைப் போலவே உயிர்ப் பிரச்சினைதான்.

பெரும்பாலான வேன்களில் கதவைத் தாங்குவது இரண்டு பக்கமும் உள்ள மெல்லிய உருளைகள். பட்டறையில் ‘அப்சார்பர்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். மூடிய குழாய்க்குள் நைட்ரஜன் வாயு மிகுந்த அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. அந்த அழுத்தம் ஒரு தண்டை வெளியே தள்ளுகிறது, தண்டு கதவைத் தூக்கி நிறுத்துகிறது. வாயு வெளியேறாமல் காப்பது தண்டைச் சுற்றியிருக்கும் ஒரு சின்ன வளையம். ஆண்டுகள் போகப் போக அந்த வளையம் தேய்கிறது, வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. விளக்கு அணைவதுபோல் இது ஒரே நாளில் தெரியாது. முதலில் கதவு மெதுவாக எழும்பும். பிறகு பாதியில் நிற்கும். அதற்குப் பிறகு ஒரு நாள், நிற்பதுபோல் நின்று, கீழே குனிந்தவர் மேல் இறங்கும்.

இந்தச் சின்ன உருளை எவ்வளவு பாரம் சுமக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். ஒரு மீட்டர் நீளமும் 20 கிலோ எடையும் உள்ள கதவைப் படுக்கை நிலையில் அதன் ஓரத்தைப் பிடித்துத் தாங்கினால் கையில் விழும் சுமை சுமார் 10 கிலோ. உருளை பிடித்திருப்பதோ ஓரத்தை அல்ல, கீலுக்குப் பக்கத்தை. கீலிலிருந்து 20 சென்டிமீட்டரில் அது பொருத்தப்பட்டிருந்தால் இரண்டு பக்க உருளைகளும் சேர்ந்து குறைந்தது 50 கிலோவுக்குச் சமமான விசையோடு தள்ள வேண்டும். சாய்வாகத் தள்ளுவதால் உண்மையில் இன்னும் கூடுதலாகவே வேண்டும். இப்போது அந்தக் கதவின் ஓரத்தில் விளக்கும் பொட்டலங்களுமாக மூன்று கிலோ தொங்கவிட்டால், உருளைகளின் மேல் ஏறுவது மூன்று கிலோ அல்ல, 15 கிலோ. வேனைச் செய்தவர்கள் கதவின் எடைக்குத்தான் உருளையைக் கணக்கிட்டார்கள். கடையின் எடை அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

வெப்பமும் இதில் சேர்கிறது. வாயு சூடானால் அழுத்தம் கூடும், குளிர்ந்தால் குறையும். ஈப்போவின் 33 பாகை வெயிலில் நிமிர்ந்து நிற்கும் கதவு, சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறி, விடியற்காலை 16 பாகையில் காய்கறி ஏற்றும்போது ஐந்து முதல் ஆறு விழுக்காடு பலத்தை இழந்துவிடுகிறது. புது உருளைக்கு இது பொருட்டில்லை. ஏற்கெனவே தளர்ந்து, விளிம்பில் நிற்கும் உருளைக்கு அந்த ஐந்து விழுக்காடே போதும். கீழே நன்றாகத்தானே நின்றது என்று நம்பி உள்ளே குனிகிறவர்தான் அடிபடுகிறார்.

உருளை தளர்ந்ததும் நம்மவர்கள் செய்வது என்ன? ஒரு கழி. துடைப்பக் கட்டையோ, சவுக்குக் கம்போ, தோட்டத்தில் வெட்டிய பால்மரக் கிளையோ நடுவில் முட்டுக் கொடுத்து நிற்கும். காசில்லாத நேரத்தில் கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கும் திறமை தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு உண்டு. அது மதிக்க வேண்டிய திறமை. ஆனால் இந்த இடத்தில் அது காப்பாற்றாது. 1877இல் கோல கங்சாரில் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ நட்ட ஒன்பது கன்றுகளிலிருந்து பேராக் பார்த்துப் பழகிய மரம், பால்மரம் என்கிற ரப்பர். அதன் கட்டையைப் பூச்சியும் பூஞ்சையும் எவ்வளவு சுலபமாகப் பிடிக்கும் என்பது பால் வெட்டியவர்களுக்குத் தெரியும். மருந்தேற்றிப் பதப்படுத்திய பிறகுதான் தொழிற்சாலைகள் அதை நாற்காலியாக்குகின்றன. வெட்டியபடியே வைத்திருக்கும் கம்பு வெளியே முழுதாகத் தெரியும், உள்ளே பொடியாகிக்கொண்டிருக்கும்.

கம்பு திடமாகவே இருந்தாலும் காற்று இருக்கிறது. மேற்கே கிளேடாங் மலைத்தொடர், கிழக்கே தித்திவங்சா, நடுவே கிந்தா பள்ளத்தாக்கு. பிற்பகல் மழைக்கு முன்னால் இங்கே வீசும் திடீர்க் காற்று சந்தைக் கூடாரங்களையே தூக்கிப் போடக்கூடியது. திறந்த கதவு காற்றுக்குப் பாய்மரம். காற்று அதை ஒரு விரல் அளவு மேலே தூக்கினாலும் போதும், கம்பின் மேலிருந்த பாரம் நீங்குகிறது, கம்பு சரிகிறது, காற்று ஓய்ந்ததும் கதவு முழு எடையோடு விழுகிறது. கம்பு முறிந்ததால்தான் கதவு விழும் என்று பலர் நினைக்கிறார்கள். முறியாத கம்பும் இப்படி நழுவி விழும். அதனால்தான் எந்த முட்டுக்கோலும் இரண்டு முனையிலும் கொக்கியிலோ துளையிலோ மாட்டியிருக்க வேண்டும். மாட்டாத கோல், எவ்வளவு தடிமனாக இருந்தாலும், ஆபத்துதான்.

மேரு ராயாவில் உள்ள அமான்ஜெயா பேருந்து முனையத்தில் இதன் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். பேருந்தின் வயிற்றில் உள்ள சாமான் அறைக் கதவுகள் பக்கவாட்டில் எழும்பி நிற்கின்றன. பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் போகும் பயணிகள், வயதானவர்கள் உட்பட, பெட்டியைத் தேடித் தலையை உள்ளே நுழைக்கிறார்கள். அண்மைக் காலமாகக் கோப்பெங் ஆற்றங்கரைக்கும் தெலுக் பாத்திக் கடற்கரைக்கும் குடும்பத்தோடு போய்த் தங்கும் முகாம் வேன்களிலும் இதே அமைப்புதான். சாமான் அறை தாழ்வாக இருக்கும், கதவு மேலே திறக்கும், ஆள் மண்டியிட்டுக் குனிய வேண்டும். கதவு இறங்கினால் பிடரியில்தான் விழும். இந்த வண்டிகள் நெடுங்காலமாகப் புழங்கும் நாடுகளில், கதவை வண்டியின் சுவரோடு சேர்த்துக் கவ்விக்கொள்ளும் கொக்கி தனியாகவே விற்கிறது. காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதுவே எளிய வழி.

தீர்வு ஒன்றும் பெரிய பொறியியல் அல்ல. உருளையின் மேல் அதன் விசை பெரும்பாலும் நியூட்டன் கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும். 500 என்றிருந்தால் சுமார் 50 கிலோ. மாற்றும்போது அதே எண் உள்ளதை, இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கதவு முறுக்கிக்கொண்டு புதியதையும் கெடுக்கும். பழைய சாமான் கடையில் வேறு காரிலிருந்து கழற்றியதை, நீளம் சரியாக இருக்கிறதே என்று மாட்டுவது வீண். அதன் வாயு எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. தண்டில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் அது முடிந்துவிட்டது என்று பொருள். தண்டை இடுக்கியால் பிடிக்கக் கூடாது, ஒரு கீறலே வளையத்தைக் கிழிக்கும். கழற்றிய உருளையை அறுப்பதும் நெருப்பில் போடுவதும் வெடியோடு விளையாடுவது.

வேனையே கடையாக வைத்திருப்பவர்களுக்கு உருளை மட்டும் போதாது. கதவு முழுதாகத் திறந்ததும் தண்டின் மேல் இறங்கி, அது உள்ளே போகாமல் தடுக்கும் உலோக உறை உண்டு. அதைப் பொருத்தலாம். அல்லது இரு முனையும் மாட்டிக்கொள்ளும் இரும்பு முட்டுக்கோல் ஒன்றை வெல்டிங் கடையில் செய்துகொள்ளலாம். பெரும்பாலான வேன்களுக்கு ஒரு ஜோடி உருளையின் விலை ஒரு புது டயரின் விலையைவிடக் குறைவு. விளக்கையும் பொட்டலங்களையும் கதவில் தொங்கவிடாமல் தனிச் சட்டத்தில் மாட்டினால் ஆபத்தில் ஒரு பங்கு அப்போதே குறையும். கதவின் விளிம்பில் ஒட்டும் ஒளிரும் பட்டை, இருட்டில் நடந்து வருகிறவரின் நெற்றியைக் காக்கும்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் சிறு வியாபாரியின் தலையில் கட்டுவது நியாயமாகாது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. ஆள் வைத்துச் சாமான் ஏற்றும் பேருந்து நிறுவனமும் லாரி முதலாளியும் தளர்ந்த கதவைச் சரிசெய்யக் கடமைப்பட்டவர்கள். அதைக் கேட்பது ஊழியரின் உரிமை. சொந்தமாகத் தொழில் செய்யும் அங்காடி வியாபாரிகளுக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சொக்சோ பாதுகாப்பு இருக்கிறது. வேலையில் அடிபட்டால் கைகொடுக்கும் அந்தத் திட்டத்தில் சேராமல் இருப்பவர்கள் இந்த மாதமே சேர வேண்டும்.

ஈப்போ மாநகர் மன்றத்துக்கு இதில் முதல் வேலை காத்திருக்கிறது. வாகனத்தில் வைத்து விற்பவர்களுக்கு உரிமம் புதுப்பிக்கும்போது, திறந்த கதவுக்கு இரண்டாவது தாங்கி இருக்கிறதா என்றும் பார்க்கலாம். அபராதத்தோடு தொடங்க வேண்டாம். முதல் ஆண்டு எச்சரிக்கையும் உதவியும் போதும். வணிக வாகனச் சோதனை மையங்களும் கதவைப் பாதியளவு திறந்துவிட்டு, தானாக மேலே எழும்புகிறதா என்று பார்ப்பதைச் சோதனையில் சேர்க்கலாம். ஒரு நிமிடம்கூட ஆகாத வேலை.

நம் சங்கங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து கல்லுமலைக் கோயில் வரை தண்ணீர்ப் பந்தலும் பலகாரக் கடையுமாக வேன்களும் லாரிகளும் வரிசைகட்டி நிற்கும். அந்தக் கதவுகளின் கீழ் கூட்டம் கூட்டமாக மக்கள் கை நீட்டி நிற்பார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் நிர்வாகமும் வியாபாரிகள் சங்கமும் பட்டறைக்காரர் இருவரை அழைத்து, பங்கேற்கும் வாகனங்களின் கதவுகளைச் சோதித்து, தளர்ந்த உருளைகளை மொத்த விலையில் வாங்கி மாற்றித் தரலாம். சுங்கை சிப்புட்டிலும் சிம்மோரிலும் தோட்டங்களைச் சுற்றி வரும் காய்கறி வேன்களையும் அன்றே அழைக்கலாம். சோதித்து முடித்த வேனுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால், பந்தலுக்கு இடம் ஒதுக்குகிறவர்கள் அதைப் பார்த்தே இடம் கொடுக்கலாம்.