வராதவளின் கணக்கு

“பெண்கள் நூலகத்துக்கு வருவதில்லை, வாசிப்பில் நாட்டமில்லை.” கருத்தரங்கு மேடைகளில் இதைச் சலிக்காமல் சொல்கிறார்கள். சான்றாக வருகைப் பதிவேட்டை நீட்டுகிறார்கள். பதிவேடு வந்தவர்களின் கணக்கு. வர முடியாதவள் அதில் எங்கே கையெழுத்திடுவாள்?

1931-இல் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாம் விதி. அதை விளக்குகையில் நகரம், கிராமம் என்ற பாகுபாட்டோடு ஆண், பெண் என்ற பாகுபாட்டையும் தனியே எடுத்துப் பேசினார். அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் போயின. 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. விடுதலை பெற்ற இந்தியாவில் அதுவே முதல். அச்சட்டத்தின்படி சொத்துவரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். பெண் பெயரில் உள்ள வீட்டுக்கு அதில் விலக்கில்லை.

ஆனால் சேவை? பல கிளை நூலகங்களில் நாளிதழ் மேசையைச் சுற்றி ஆண்கள். கழிப்பறை இல்லை, அல்லது பூட்டியிருக்கிறது. அவளுக்கு வேலை ஓயும் நேரத்தில் கதவு சாத்தியிருக்கிறது. ‘மகளிர்’ என்று ஒட்டிய தட்டில் சமையல், கோலம், அழகுக் குறிப்பு. அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் யார் கேட்டார்கள்?

ஓர் எடுத்துக்காட்டு. 1989-இல் தமிழ்நாடு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு தந்தது. அதற்கு முன்பே மணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது மணமானவள், ஆகாதவள் என்ற வேறுபாடே நீங்கியது. இது தெரியாதவளிடம் உடன்பிறந்தவர்கள் ஒரு தாளை நீட்டுகிறார்கள். அவள் பங்கை அவளே விட்டுக்கொடுக்கும் அந்தத் தாளுக்குப் பெயர் ‘விடுதலைப் பத்திரம்’! தகவல் வந்து சேராததன் விலை இங்கே நிலம்.

எனவே நூலகத்தை அளக்கும் கோலை மாற்றுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு நிற்காதீர்கள். எதைக் கேட்டுக் கிடைக்காமல் போனார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கும் மகளிர் குழுக் கூட்டத்துக்கும் போய் வராதவர்களிடம் காரணம் கேளுங்கள். நேரத்தையும் நூல் தேர்வையும் அவர்கள் பதிலிலிருந்து தீர்மானியுங்கள்.

மாணவியரே, அடுத்தமுறை யாராவது “பெண்கள் வாசிப்பதில்லை” என்றால், கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.