மெதுவாகச் சொல்லுங்கள், பண்டிட்ஜீ!

காசி, கயை யாத்திரைக்குப் புறப்படும் அன்பர்கள் எதை மறந்தாலும் மருந்துப் பெட்டியையும் மடி வேட்டியையும் மறப்பதில்லை. அவற்றோடு எடுத்துச் செல்ல வேண்டிய இன்னொரு பொருள் உண்டு. அதற்கு எடை இல்லை. ஒரே ஒரு வாக்கியம்தான். ‘எனக்கு ஹிந்தி அதிகம் தெரியாது, தயவுசெய்து சற்று நிதானமாக விளக்குங்கள்’ என்பதை ஹிந்தியிலேயே சொல்லும் வாக்கியம்.

‘காசியில் தமிழே போதுமே’ என்பார்கள். அனுமான் காட்டிலும் நகரத்தார் சத்திரத்திலும் போதும்தான். எல்லா இடத்திலும் அப்படி அமைவதில்லை. எனக்குத் தெரிந்த குடியாத்தத்து அன்பர் ஒருவர், தாயாருக்குப் பிண்டம் இடுவதற்காகக் கயைக்குச் சென்றார். அங்கே தாய்க்கென்று தனியாகப் பதினாறு பிண்டங்கள் இடும் மாத்ரு ஷோடசி என்ற வழக்கம் உண்டு. கருவுற்ற நாள் முதல் தாய் பட்ட ஒவ்வொரு துன்பத்தையும் சொல்லி, அதற்கு ஈடாக ஒரு பிண்டம் என்று வைத்துக்கொண்டே போகும் சடங்கு அது. கல் நெஞ்சும் கரையும். மந்திரம் சமஸ்கிருதம், ஆனால் ‘இதை எடு, அங்கே வை, இப்போது பெயரைச் சொல்’ என்னும் கட்டளைகள் எல்லாம் ஹிந்தி, அதுவும் வேகமான ஹிந்தி. அன்பர் ஒவ்வொன்றுக்கும் ‘ஹாஞ்ஜீ, ஹாஞ்ஜீ’ என்று தலையசைத்து முடித்துவிட்டார். அட்சய வடத்தடியிலும் அப்படியே. வீடு திரும்பியதும் மனைவியார், ‘கயையில் எந்தக் காயை, எந்தப் பழத்தை விட்டீர்கள்?’ என்று கேட்டார். இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அங்கே ஏதோ கேட்டார்கள். இவரும் ஏதோ தலையசைத்தார். அம்மாவின் பெயரை உரிய இடத்தில் சொன்னோமா என்ற ஐயம் அன்றிரவு தொடங்கியது, இன்னும் தீரவில்லை. ஊர் சாஸ்திரிகள் எவ்வளவோ ஆறுதல் சொல்லிப் பார்த்துவிட்டார்.

கேட்டிருக்கலாமே என்றால், கூச்சம். பெரிய பதவி வகித்தவர். இளைஞர் ஒருவரிடம் ‘புரியவில்லை’ என்று சொல்ல நா எழவில்லை.

இந்த இடத்தில் குமரகுருபர சுவாமிகளை நினைக்காமல் இருக்க முடியாது. 17-ஆம் நூற்றாண்டில், தருமபுரம் மாசிலாமணி தேசிகரிடம் உபதேசம் பெற்று அவர் காசிக்குச் சென்றார். அங்கே மடம் அமைக்க ஆள்வோரிடம் இடம் கேட்க வேண்டியிருந்தது. அவர்கள் பேசியதோ ஹிந்துஸ்தானி. சிங்கத்தின் மீது அமர்ந்து அரசவைக்குள் சென்றார் என்ற கதையை நாம் எல்லோரும் ஆவலோடு சொல்வோம். ஆனால் சிங்கத்துக்கு முன்பு அவர் செய்தது, அந்த மொழி தமக்கு வசமாக வேண்டும் என்று கலைமகளிடம் விண்ணப்பித்ததுதான் என்பது மரபு. அப்போது பாடிய பத்துப் பாடல்களே சகலகலாவல்லி மாலை. சரஸ்வதி பூஜையன்று பேரப்பிள்ளைகளின் தேர்வுக்காக நாம் பாடச் சொல்லும் அதே நூல், வேற்று மொழி ஒன்றைப் பேசுவதற்காகப் பிறந்தது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? அவர் நிறுவிய குமாரசுவாமி மடம் இன்றும் கேதார கட்டத்தில் இருக்கிறது. அத்தகைய மகானே, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு தொடங்கினார்.

சரி, கேட்பது எப்படி? பலருக்கும் ‘தீரே’ என்றால் மெதுவாக என்ற அளவுக்குத் தெரியும். ஆகவே ‘தீரே போலியே’ என்கிறார்கள். இதில் ஒரு வழுக்கல் உண்டு. நம் ‘மெதுவாக’ போலவே ‘தீரே’ என்பதற்கும் நிதானமாக என்றும் பொருள் உண்டு, தணிந்த குரலில் என்றும் பொருள் உண்டு. காது சற்று மந்தமான பெரியவர் ‘தீரே போலியே’ என்றால், எதிரே இருப்பவர் அதே வேகத்தில் குரலை மட்டும் தாழ்த்திக் கொள்ளக்கூடும்! கேட்டதும் போயிற்று. எனவே ‘தீரே தீரே’ என்று இரட்டித்து, அதனுடன் ‘ஸமஜாயியே’, அதாவது விளக்குங்கள் என்று சேர்ப்பது நல்லது: ‘பண்டிட்ஜீ, முஜே ஹிந்தி தோடீ தோடீ ஆதீ ஹை. ஜரா தீரே தீரே ஸமஜாயியே.’ ‘ருக் ருக் கர்’ என்றால் நிறுத்தி நிறுத்தி என்று ஐயத்துக்கு இடமில்லாமல் விளங்கும். குரல் உயர வேண்டுமானால் ‘ஜோர் ஸே’. மறுபடியும் சொல்லச் சொல்ல ‘பிர் ஸே கஹியே’. ‘எனக்குப் புரியவில்லை’ என்பதை ஆண்கள் ‘மை ஸமஜா நஹீ’ என்றும் பெண்கள் ‘மை ஸமஜீ நஹீ’ என்றும் சொல்ல வேண்டும்.

சொல்லின் வாலில் வரும் ‘இயே’தான் மரியாதை. ‘போலியே’ என்றால் சொல்லுங்கள். ‘போலோ’ என்றால் சமவயதினரிடமோ சிறுவரிடமோ பேசுவது. நம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுக் கடைவீதிகளில் காதில் விழுந்தே பழகியவர்களுக்கு ‘போலோ’தான் முதலில் வாயில் வரும். அங்கே தோல் மண்டி முதல் பிரியாணிக் கடை வரை ஒலிப்பது தக்கினி உருது. அது தனி அழகுள்ள மொழி. ‘வேண்டாம்’ என்பதற்கு ‘நக்கோ’, ‘ஏன்’ என்பதற்கு ‘கைக்கூ’. இவற்றைக் கங்கைக் கரையில் சொன்னால் புன்னகைதான் பதிலாகக் கிடைக்கும். ஆனாலும் அந்த அண்டை வீட்டார் நமக்கு நல்ல ஆசிரியர்கள். உச்சரிப்பை அவர்களிடம் ஒருமுறை சொல்லிக் காட்டித் திருத்திக்கொள்ளலாம். தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தால் ‘கானா’ என்பது உணவா, பாட்டா என்று தெரியாது. ஹிந்தியில் முதல் எழுத்து வேறு வேறு. பசியோடு இருப்பவர் பாட்டுக் கேட்கப் போவதாக எண்ணிக்கொள்ளப் போகிறார்கள்.

வங்கியில் காலமெல்லாம் எண்களோடு வாழ்ந்தவன் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்வேன். நிதானமாகச் சொல்லச் சொல்ல வேண்டிய முதல் இடம் தொகை. இரண்டாவது இடம் நேரம். ‘ஏக், தோ, தீன்’ தெரிந்தால் போதாது. ‘டேட் ஹஜார்’ என்றால் 1,500. ‘டாயி ஹஜார்’ என்றால் 2,500. ‘ஸாடே தீன் ஸௌ’ என்பதில் ‘தீன்’ மட்டும் காதில் விழுந்து 300 என்று எண்ணினால், கணக்கு 350-இல் வந்து நிற்கும். பின்னர் கங்கைக் கரையில் மனஸ்தாபம். நேரத்தில் ‘பௌனே’ என்பது பொல்லாத சொல். நாம் மூன்றே முக்கால் என்பதை அவர்கள் ‘பௌனே சார்’, அதாவது கால் குறைய நான்கு என்பார்கள். ‘சார்’ மட்டும் கேட்டு நான்கு மணிக்குப் போய் நின்றால் வண்டி போயிருக்கும். ‘கல்’ என்பது நேற்றும் ஆகும், நாளையும் ஆகும். ஆகவே ‘லிக் தீஜியே’, எழுதிக் கொடுங்கள் என்று சொல்லித் தாளையும் பேனாவையும் நீட்டிவிடுங்கள். எவரும் தவறாக எண்ணமாட்டார்கள்.

பழகிப் பார்க்கக் காசி வரை காத்திருக்க வேண்டியதில்லை. வேலூர் கோட்டைக்குள் போனால் போதும். கருவறையில் மூர்த்தி இல்லாமலே பல நூற்றாண்டுகள் கிடந்து, 1981 மார்ச்சில் மீண்டும் ஈசன் எழுந்தருளிய நம் ஜலகண்டேசுவரர் சந்நிதியில், இன்று வங்கம், ஜார்க்கண்ட், பீகார் முகங்களைப் பார்க்கிறோம். அருகே சி.எம்.சி. மருத்துவமனையில் கணவரையோ குழந்தையையோ படுக்க வைத்துவிட்டு, கிடைத்த அரைமணி நேரத்தில் ஓடி வருபவர்கள். நடை சாத்தியிருந்தால் நம்மிடம்தான் கேட்கிறார்கள். நாமோ, ‘சாயந்திரம் நாலு மணிக்கு மேல வாங்கம்மா’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நடக்கிறோம். அவர்களும் கயையில் நம் அன்பர் அசைத்ததைப் போலவே தலையசைத்துவிட்டு, மூடிய கதவின் முன்னாலேயே நிற்கிறார்கள். நான்கு விரலைக் காட்டி, ‘சார் பஜே, தீதீ’ என்று நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். முதலெழுத்தை ‘ச்சா’ என்று அழுத்த வேண்டும். இல்லையென்றால் அவரை ‘சார்’ என்று அழைப்பதாக நினைத்துக்கொள்வார். வங்கத்தவர் என்றாலும் கவலை இல்லை; அவர்களுக்கும் நான்கு என்பது ‘சார்’தான்.