விட்டுப்போன இரண்டு பெயர்கள்

அமெரிக்காவில் 1969-ஆம் ஆண்டு ஒரு படம் வெளிவந்தது. படத்தின் பெயர் 'ஈஸி ரைடர்'. இரண்டு வாலிபர்கள் மோட்டார் சைக்கிளில் லாஸ் ஏஞ்சல்சில் இருந்து நியூ ஆர்லியன்ஸ் நோக்கிப் போகிறார்கள். கதை அவ்வளவுதான்! சுமார் 4 லட்சம் டாலரில் எடுத்த படம். அது கோடி கோடியாகச் சம்பாதித்தது.

பீட்டர் போண்டாவும் டென்னிஸ் ஹாப்பரும் அந்த வாலிபர்களாக நடித்தார்கள். ஆனால், ரசிகர்களின் கண் அவர்கள் மீது மட்டும் இருக்கவில்லை. அவர்கள் ஏறி வந்த வண்டிகள் மீதும் இருந்தது. போண்டாவின் வண்டிக்கு 'கேப்டன் அமெரிக்கா' என்று பெயர். அதன் பெட்ரோல் டாங்கியில் அமெரிக்கக் கொடி தீட்டியிருக்கும். முன் சக்கரம் எங்கேயோ தூரத்தில் ஓடும். எங்கு பார்த்தாலும் பளபளவென்று குரோம் முலாம்!

நடித்தவர்களின் பெயர் திரையில் வந்தது. இயக்கியவரின் பெயர் வந்தது. அந்த வண்டிகளைச் செய்தவர்களின் பெயர்? அது வரவில்லை.

அவர்கள் இருவர். ஒருவர் பென் ஹார்டி. மற்றவர் கிளிப் வாஸ். இருவரும் கறுப்பு இனத்தவர்.

அவர்கள் செய்த வேலை என்ன? அது தெரிந்தால்தான் விட்டுப்போனது எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

இந்த வகை வண்டிக்கு 'சாப்பர்' என்று பெயர். 'சாப்' என்றால் வெட்டு. வேண்டாததை வெட்டி எறிந்து செய்வதால் இந்தப் பெயர். இரண்டாவது உலகப் போர் 1945-இல் முடிந்தது. ஊர் திரும்பிய அமெரிக்க வாலிபர்கள் பலர் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். அந்தக் காலத்து ஹார்லி டேவிட்சன் வண்டி யானை போல் கனக்கும். வேகம் வேண்டும் என்று மட்கார்டை அறுத்தார்கள். கண்ணாடியைக் கழற்றினார்கள். பையையும் பெட்டியையும் தூக்கி எறிந்தார்கள். வண்டி இளைத்தது, வேகம் கூடியது. பிறகு அழகுக்காகவும் வெட்டத் தொடங்கினார்கள்.

கேப்டன் அமெரிக்கா பிறந்த கதையும் இதுதான். லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசார் ஓட்டிப் பழசாகிப்போன ஹார்லி வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. அவற்றை வாங்கித்தான் நான்கு வண்டிகள் செய்யப்பட்டன. கேப்டன் அமெரிக்கா இரண்டு. ஹாப்பருக்கு 'பில்லி' வண்டி இரண்டு. போலீஸ்காரர் வண்டி கொள்ளைக்காரன் குதிரை போல் மாறிவிட்டது!

கேப்டன் அமெரிக்காவின் பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது. இப்படிப்பட்ட வண்டியை 'ஹார்ட்டெயில்' என்பார்கள். கெட்டி வால் என்று பொருள். நம் ஊரில் கட்டை வண்டியும் உண்டு, வில் வண்டியும் உண்டு அல்லவா? அதே வித்தியாசம்தான். ஹார்லி கம்பெனி தன் பெரிய வண்டிகளுக்குப் பின்பக்க ஸ்பிரிங் கொடுத்தது 1958-இல். அதற்கு முன் வந்தவை எல்லாம் கட்டை வண்டிகளே. சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்கும் டயரில் இருக்கும் காற்றும்தான் குலுக்கலைத் தாங்கும். மீதி முதுகெலும்புக்கு!

பிறகு ஏன் அதை விரும்பினார்கள்? சட்டத்தின் தலையில் இருந்து பின் அச்சு வரை குழாய்கள் ஒரே கோடாக இறங்கும். இடையில் மூட்டு இல்லை. அந்தக் கோட்டின் அழகில் மயங்கியவர்கள் முதுகு வலியைப் பொறுத்துக்கொண்டார்கள். இன்னொரு லாபமும் உண்டு. பின் சக்கரம் மேலும் கீழும் ஆடாது. அதனால் செயினின் இறுக்கம் ஓடும்போது மாறாது. தேயும் சாமானும் குறைவு.

முன்பக்கத்து வேலைதான் கடினமானது. ஹாண்டில்பாரைத் தாங்கும் குழாய் சட்டத்தின் கழுத்தில் இருக்கிறது. அந்தக் கழுத்தை அறுக்க வேண்டும். பின்னால் சாய்க்க வேண்டும். மறுபடி பற்ற வைக்க வேண்டும். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கால்களை 'போர்க்' என்பார்கள். அதை நீளமாக்க வேண்டும். சாய்வு எவ்வளவு, நீளம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டும். கணக்குத் தப்பினால் வண்டி முட்டி தூக்கி நிற்கும், அல்லது முகம் குப்புறக் குனியும். பற்றவைப்பு சரியில்லை என்றால் சாலையில் கழுத்து ஒடியும். வண்டியின் கழுத்து மட்டுமா? ஓட்டுகிறவனின் உயிர் அந்த ஒரு பற்றவைப்பில் இருக்கிறது.

ஓட்டுவதும் லேசு அல்ல. நேரான சாலையில் இழுத்த கோடு போல் ஓடும். முன் சக்கரம் தள்ளி இருப்பதால் வேகத்தில் அசையாது. சந்து பொந்தில் திருப்பினால் தெரியும் சேதி! மெதுவாகப் போகும்போது முன் சக்கரம் ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும். கேப்டன் அமெரிக்காவுக்கு முன் பிரேக்கே கிடையாது. மோட்டார் சைக்கிளை நிறுத்துவதில் பெரும் பங்கு முன் பிரேக்குக்குத்தான். அது இல்லாதவன் தூரத்திலேயே ஆபத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைப் படித்துவிட்டு அப்பாவின் வண்டியை அறுக்கப் புறப்படும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அதற்கு இடம் கொடுக்காது. வீட்டில் அம்மாவும் இடம் கொடுக்க மாட்டார்!

இப்போது அந்த இருவரைப் பார்ப்போம்.

பென் ஹார்டிக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தென்பகுதியில் பட்டறை இருந்தது. கறுப்பு மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. சுற்றுவட்டார வாலிபர்கள் பலர் சாப்பர் வேலையை அவரிடம்தான் கற்றார்கள்.

கிளிப் வாஸ் வேறு மாதிரி. அவர் கையில் காமிரா இருந்தது. கறுப்பு மக்களின் உரிமைப் போராட்டத்தில் மாணவர் அமைப்பின் படப்பிடிப்பாளராக இருந்தார். 1964-இல் மேரிலாந்து மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் படை வீரர்கள் அவரைப் பிடித்து இழுத்தார்கள். அந்தக் காட்சியின் புகைப்படம் இன்றும் இருக்கிறது. சாப்பர் ஓட்டுவதிலும் அவருக்குத் தீராத ஆசை. படத்துக்கு வண்டிகள் எப்படி இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டு, ஹார்டியைக் கொண்டு வேலையை நடத்தியவர் அவர். பிறகு படக்குழுவில் இருந்து அவர் விலக்கப்பட்டார்.

"மெக்கானிக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது. பெயர் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நடிகருக்கும் கூலி கொடுத்தார்கள். காமிராக்காரருக்கும் கூலி கொடுத்தார்கள். அவர்கள் பெயரை யாரும் விடவில்லையே! போண்டாவின் நடிப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், அந்த வண்டி இல்லாத 'ஈஸி ரைடர்' படத்தை நினைத்துப் பார்க்க முடியுமா? படத்தின் மூன்றாவது கதாநாயகன் அதுதான். வெள்ளையர் இருவர் ஓட்டிய வண்டியாகவே உலகம் அதை அறிந்தது. உலகம் பூராவும் அதைப் பார்த்துச் சாப்பர் செய்தார்கள். அதைப் படைத்த இருவரும் வெள்ளையராக இருந்திருந்தால், அவர்கள் பெயர் இத்தனை பத்தாண்டுகள் இருட்டில் கிடந்திருக்குமா? கேட்காமல் இருக்க முடியவில்லை.

நான்கு வண்டிகளில் ஒன்று படத்தின் கடைசிக் காட்சியில் எரிந்தது. மற்ற மூன்றும் படம் வெளிவரும் முன்பே திருடு போயின.

பென் ஹார்டி 1994-இல் காலமானார். 2014-இல் ஒரு வண்டி ஏலத்துக்கு வந்தது. கேப்டன் அமெரிக்கா அதுதான் என்றார்கள். 13 லட்சத்து 50 ஆயிரம் டாலர் வரை விலை ஏறியது! அது அசலா, நகலா என்று பெரிய தகராறு. அதே சமயத்தில்தான் வாஸின் கதை பத்திரிகைகளிலும் புத்தகத்திலும் பரவலாக வெளிவந்தது. அப்போது அவர் முதியவர். 2016-இல் அவரும் மறைந்தார்.

அசல் வண்டி திரும்பி வருமோ, வராதோ. நகல்கள் ஏராளம் இருக்கின்றன. அவற்றைக் கண்காட்சியில் நிறுத்துகிறவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: வண்டியின் முன்னால் வைக்கும் அட்டையில் போண்டாவின் பெயர் இருக்கட்டும். அதற்கு மேலே பென் ஹார்டி, கிளிப் வாஸ் என்று எழுதுங்கள். திரையில் போடத் தவறியதை அட்டையிலாவது போடுங்கள்.