துணிச் சிறகும் துணிச்சலும்

மனிதனுக்குச் சிறகு இல்லையே என்ற குறை இன்று நேற்று ஏற்பட்டதன்று. புஷ்பக விமானத்தைக் கதையில் கேட்டுத் திருப்தியடைந்த காலம் போய்விட்டது. முதுகில் ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு மலையேறி, அதைப் பிரித்து உதறி, அதன் கீழே தொங்கிக்கொண்டு பள்ளத்தாக்கில் இறங்குகிற காலம் வந்திருக்கிறது. இந்த மூட்டைக்குப் பாராகிளைடர் என்று பெயர். விடுமுறைக்கு வடக்கே போகும் நம் பிள்ளைகளும் பெண்களும் ஹிமாசலப் பிரதேசத்தில் இதில் பறந்துவிட்டு வந்து படம் காட்டுகிறார்கள். பெற்றோர்களோ, பெருமைப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் விழிக்கிறார்கள். இரண்டையும் சற்று ஒத்திவைத்து, விஷயத்தைத் தெரிந்துகொள்வதே உத்தமம் என்று நாம் நினைக்கிறோம்.

இந்த வித்தைக்கு வயது அதிகமில்லை. 1960-களில் அமெரிக்காவில் டோமினா ஜால்பர்ட் என்பவர், துணியை வரிசையான அறைகளாகத் தைத்து, அவற்றின் முன்புறத்தைத் திறந்துவிட்டு, காற்றே உள்ளே புகுந்து அதைச் சிறகாக விறைக்கச் செய்யும் உபாயத்தைக் கண்டார். 1978-இல் பிரான்ஸ் தேசத்தில் மியூஸி என்னும் ஆல்ப்ஸ் மலைக் கிராமத்தில் மூன்று பாராசூட் வீரர்கள், விமானச் செலவை மிச்சம் பிடிக்க எண்ணி, இப்படிப்பட்ட பாராசூட்டுடன் மலைச் சரிவில் ஓடிப் பார்த்தார்கள். பூமி காலை விட்டு அகன்றது. பத்தே வருஷத்தில், 1988 செப்டம்பரில், ழான் மார்க் புவாவன் என்ற பிரெஞ்சுக்காரர் எவரெஸ்ட் சிகரத்திலிருந்து பறந்து பதினொரு நிமிஷத்தில் கீழ் முகாமுக்கு இறங்கிவிட்டார்.

நமது தேசத்தில் இதற்குப் பேர் பெற்ற இடம் காங்ரா ஜில்லாவிலுள்ள பீர்-பில்லிங். தௌலாதார் மலைச் சாரலில் சுமார் 2,400 மீட்டர் உயரத்திலுள்ள பில்லிங்கில் கிளம்பி, ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கீழேயுள்ள பீர் கிராமத்தில் இறங்குவார்கள். 2015-இல் உலகக் கோப்பைப் போட்டியே அங்கு நடந்தது.

நிற்க. இந்தச் சிறகுக்கு எலும்பு கிடையாது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். விமானத்துக்கு உலோகச் சட்டம் இருக்கிறது. பறவைக்கு எலும்பு இருக்கிறது. பாராகிளைடருக்கோ உள்ளே புகுந்த காற்றுதான் எலும்பு. வெளியே காற்று ஒழுங்காக இருக்கும்வரை சிறகும் ஒழுங்காக இருக்கும். காற்று குழம்பினால் சிறகின் ஒரு பாதி மடிந்து விழவும் கூடும். ஆகையால், இதில் பத்திரமாகப் பறப்பது என்பதில் பெரும்பகுதி, எந்தக் காற்றில் பறப்பது, எந்தக் காற்றில் பறக்காமலிருப்பது என்ற விவேகமேயாகும்.

ஆற்றில் பாறைக்கு முன்னால் நீர் அமைதியாக வருவதையும், பின்னால் சுழித்துக்கொண்டு போவதையும் நாம் பார்த்திருக்கிறோம். மலையைத் தாண்டும் காற்றும் அப்படியே. காற்றை எதிர்கொள்ளும் சரிவில் பறப்பவனை அது தாங்கும். மறைவுப் பக்கத்தில் அதே காற்று அவனைச் சுழற்றி எறியும். உச்சி வேளையில் வெயிலால் சூடேறிய தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் காற்று, கைதேர்ந்தவர்களுக்கு ஏணி; கற்றுக்குட்டிகளுக்குக் கண்டம். அவர்களுக்கு உகந்தவை காலை வேளையும் மாலை வேளையுமே. மழைக் காலத்தில், ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை, ஹிமாசல சர்க்கார் வழக்கமாக இந்தப் பறத்தலையே தடை செய்துவிடுவதும் காரணத்தோடுதான்.

மேகத்தின் பலம் எப்பேர்ப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவில் மனில்லா என்ற ஊரில், உலகப் போட்டிக்கு முன் பயிற்சி செய்துகொண்டிருந்த எவா விஸ்னியெர்ஸ்கா என்ற ஜெர்மன் வீராங்கனையை ஓர் இடி மேகம் உறிஞ்சி, 9,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய்விட்டது. பிராணவாயு குறைந்து, உடம்பெல்லாம் பனி உறைந்து, அரை மணிக்கு மேல் நினைவிழந்து கிடந்து, அவர் பிழைத்து இறங்கியது தெய்வச் செயல். அதே மேகத்தில் அகப்பட்ட சீன வீரர் ஒருவர் பிழைக்கவில்லை. இருவரும் கற்றுக்குட்டிகள் அல்லர். உலகப் போட்டிக்கு வந்தவர்கள். வித்தை எவ்வளவு முற்றினாலும் மேகம் அதை மதிப்பதில்லை.

சிறகு மடிந்தால் என்ன செய்வது? இங்கேதான் மனித சுபாவம் சத்துருவாகிறது. பயந்தவன் கை தானாகவே பிரேக் கயிறுகளைக் கீழே இழுக்கும். அளவுக்கு மிஞ்சி இழுத்தால் சிறகு பறக்கும் சக்தியையே இழந்துவிடும். ஆரம்பக்காரர்களுக்கென்று செய்யப்பட்ட சிறகுகள், கையைச் சற்று உயர்த்தி விட்டுக்கொடுத்தால் பெரும்பாலும் தாமே நிமிர்ந்துகொள்ளும். அது நிமிராவிட்டால், யோசித்துக்கொண்டிராமல் ரிசர்வ் பாராசூட்டை வீசியெறிய வேண்டும். உயரம் இருக்கும்போது வீசினால்தான் அது பிரயோஜனப்படும்.

ஆனால் விபத்துக்களெல்லாம் ஆகாயத்திலேயே உற்பத்தியாவதில்லை. 2024 பிப்ரவரியில் குலு பள்ளத்தாக்கில், விமானியுடன் சேர்ந்து பறந்த இளம் பெண் ஒருவர் கீழே விழுந்து உயிரிழந்தார். இருக்கை வார்களைச் சரியாகச் சோதிக்கவில்லை என்பதே அப்போது எழுந்த குற்றச்சாட்டு. காற்று ஒரு பிழையும் செய்யாதபோதும் ஒரு கொக்கி உயிரை வாங்கிவிடக்கூடும். இதனால்தான் பயின்றவர்கள் ஒவ்வொரு தடவையும் ஐந்து விஷயங்களை வரிசை தவறாமல் பார்க்கிறார்கள்: ஹெல்மெட்டும், கால் வார் உட்பட எல்லா வார்களும் பூட்டப்பட்டிருக்கின்றனவா, சிறகை இருக்கையோடு சேர்க்கும் கொக்கிகள் மூடியிருக்கின்றனவா, கயிறுகள் சிக்கலின்றி இருக்கின்றனவா, சிறகின் வாய்கள் திறந்து விரிந்திருக்கின்றனவா, காற்றும் எதிரே ஆகாயமும் சரியாக இருக்கின்றனவா. ஆயிரம் தடவை பறந்தவருக்கும் இது விதிவிலக்கில்லை. சொல்லப்போனால், பழக்கம் முதிர்ந்தவருக்கே மறதியும் முதிர்கிறது.

இனி, சிறகைப் பராமரிக்கும் விஷயம். இதை நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பட்டுப் புடவையைப் பேணத் தெரிந்தவர்களுக்குப் பாராகிளைடரையும் பேணத் தெரியும். இந்த நைலான் துணிக்கு முதல் சத்துரு வெயில். பறக்காத நேரத்தில் மைதானத்தில் பரப்பிப் போட்டால், சூரியன் அதன் ஆயுளை மௌனமாகக் குடித்துவிடும். ஈரமானால் நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பூக்கும். சோப்பு ஆகாது, அழுக்கைச் சுத்த நீரில் நனைத்த மிருதுவான துணியால் ஒற்றியெடுக்கலாம். கடல் நீர் பட்டால் நல்ல நீரில் அலச வேண்டும். எப்போதும் ஒரே மடிப்பில் மடிக்கக் கூடாது. மணலை உதறாமல் கட்டினால் அது நூலை அறுக்கும். அறைகளுக்குள் வெட்டுக்கிளி ஏதேனும் புகுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உள்ளே அடைபட்ட பிராணி துணியைக் கடித்து வழி தேடும். வெயிலில் நிற்கும் மோட்டார் வண்டிக்குள் மூட்டையை விட்டுவிட்டுப் போவதும் தவறு.

கண்ணுக்குத் தெரியாத தேய்மானமும் உண்டு. துணியின் மேற்பூச்சு நாளடைவில் போய்க் காற்று கசியத் தொடங்கும். கயிறுகள் சில சுருங்கும், சில நீளும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசமே சிறகின் போக்கை மாற்றிவிடும். ஆகவே, செய்தவர்கள் குறித்துள்ள கெடுப்படி, சாதாரணமாக வருஷத்துக்கு ஒரு தடவையோ நூறு மணி நேரம் பறந்த பின்போ, தகுந்த நிபுணரிடம் கொடுத்துக் காற்றுக் கசிவையும் கயிற்றின் நீளத்தையும் வலுவையும் அளந்து பார்க்க வேண்டும். ரிசர்வ் பாராசூட்டையும் காலாகாலத்தில் பிரித்து, காற்றாட விட்டு, மீண்டும் மடிக்க வேண்டும். அவசரத்துக்கு உதவவேண்டியது மூட்டைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு கிடந்தால் என்ன பயன்?

நம் நேயர்களில் பலர் சொந்தச் சிறகு வாங்கப் போவதில்லை. பிரயாணியாகத்தான் ஏறப் போகிறார்கள். அவர்கள் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. விமானியிடம் லைசென்ஸ் இருக்கிறதா? ரிசர்வ் பாராசூட் இருக்கிறதா, கடைசியாக எப்போது மடித்தது? என் கால் வார்களை என் கண்ணெதிரே பூட்டிக் காட்டுவீர்களா? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணுபவர்கள் உண்டு. நல்ல விமானி இவற்றுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்பவருடன் பறக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இதில் நம் பங்கும் ஒன்று இருக்கிறது. ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று வருமானம் வரும் தொழிலில், காற்றுச் சரியில்லாத நாள் விமானிக்குப் பட்டினி நாள். கீழே நாம், "இவ்வளவு தூரம் வந்து பறக்காமல் போவதா? நாளைக்கு ரயில் ஏற வேண்டுமே!" என்று அவரை நெருக்கினால், அந்த நெருக்கடியும் அவருடன் சேர்ந்தே ஆகாயத்தில் ஏறுகிறது. "இன்று வேண்டாம்" என்று சொல்லும் விமானியிடம் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போடாமல், அவருக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்காவது ஏதேனும் கொடுத்துவிட்டு வருபவர், தமக்குப் பின்னால் வரப்போகும் யாரோ ஒருவர் உயிரைக் காப்பாற்றுகிறார் என்றே நாம் கருதுகிறோம்.

துணிச்சல் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் வாலிபர்கள் மலையேறட்டும், கடல் தாண்டட்டும், ஆகாயத்திலும் பறக்கட்டும். ஆனால் மலையுச்சி வரையில் மூட்டையைச் சுமந்து சென்று, காற்றைப் பார்த்துவிட்டு, மறுபடியும் அதைச் சுமந்துகொண்டு நடந்தே இறங்குகிறானே ஒருவன், அவனுடைய துணிச்சலும் பறந்தவனுடைய துணிச்சலுக்குச் சற்றும் குறைந்ததன்று. அவனைக் கண்டு யாரேனும் சிரித்தால், அந்தச் சிரிப்பில் நம் பிள்ளைகள் கலந்துகொள்ளாதிருப்பார்களாக.