தபால் நின்றால் வியாபாரம் என்னாகும்?

கனடாவில் 2024 நவம்பர் 12-ம் தேதி தபால் ஊழியர் சங்கம் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்தது. 72 மணி நேரக் கெடு. நம் நாட்டில் தபால் ஊழியர் 14 நாள் முன்னதாகவே நோட்டீஸ் தர வேண்டும். அங்கே மூன்றே நாள். 15-ம் தேதி சுமார் 55,000 பேர் வேலையை நிறுத்தினர்.

பெரிய கம்பெனிகள் சமாளித்துக்கொள்ளும். வீட்டில் கம்பளிக் குல்லாய் பின்னி இணையத்தில் விற்பவர் என்ன செய்வார்? அதுவும் கிறிஸ்துமஸ் நேரம்!

நோட்டீஸைக் கண்டதுமே விழித்துக்கொண்டவர்கள், மூன்று நாளில் போய்ச் சேரக்கூடிய பார்சல்களை மட்டும் தபாலில் போட்டனர். மற்றவை வழியில் சிக்கினால் வேலைநிறுத்தம் முடியும்வரை பட்டுவாடா கிடையாது. சிலர் உள்ளூர் ஆர்டர்களைத் தாமே கொண்டுபோய்க் கொடுத்தனர். சிலர் கடையையே தற்காலிகமாக மூடினர். தனியார் கூரியர் உண்டுதான். ஆனால் சின்னச் சாமானுக்கு லாபத்தைக் கூலியே விழுங்கிவிடும். தபால் பெட்டி எண்ணுக்கும் அவர்கள் கொண்டுபோய்த் தருவதில்லை.

ஊழியர் மீது பழி போடுவது சுலபம். வார இறுதிப் பட்டுவாடாவுக்குப் பகுதிநேர ஆட்களை வைக்க நிர்வாகம் விரும்பியது; முழுநேர வேலைக்கே உலை வைக்கிறார்கள் என்று சங்கம் அஞ்சியது. அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் பார்சல் தொழிலில் தன் பங்கு 2019-ல் 62 சதவீதம், 2023-ல் 29 சதவீதம் என்று நிர்வாகமே கணக்குச் சொன்னது. வேலைநிறுத்தத்தில் கூரியருக்குப் போன வாடிக்கை எத்தனை பேர் திரும்புவார்கள்?

அரசு தலையிட்டதால் டிசம்பர் 17-ல் வேலை தொடங்கியது. தகராறு தீரவில்லை. 2025 செப்டம்பர் 25-ல் மீண்டும் வேலைநிறுத்தம்.