பீரோ சாவி யாரிடம் இருக்கிறது?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "டீச்சர், என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. எப்பப் பாரு போன்தான். நல்ல நாவலா நாலு சொல்லுங்க" என்றாள். சொன்னேன். பேச்சுவாக்கில், "நீயும் நம்ம பள்ளி லைப்ரரியில படிச்சவதானேம்மா" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டாள்: "நம்ம பள்ளியில லைப்ரரி இருந்துச்சா டீச்சர்?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் ஆறு முதல் எட்டு வரை எங்கள் பள்ளியில் படித்தாள். அந்த மூன்று வருடமும் நூலகப் பொறுப்பாசிரியர் நான்தான்!

நூலகம் இருந்தது. தலைமையாசிரியர் அறையில் பச்சை நிற இரும்பு பீரோவுக்குள் இருந்தது. சாவி என் கைப்பையில் இருந்தது. பதிவேட்டில் வரிசை எண், விலை எல்லாம் சரியாக இருக்கும். தணிக்கைக்கு வந்தவர்கள் ஒரு புத்தகம்கூடக் குறையவில்லை என்று பாராட்டினார்கள். எப்படிக் குறையும்? வெளியே போனால்தானே குறைவதற்கு!

புத்தகம் தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம் எனக்கு. கதைப் புத்தகம் படித்தால் பாடம் கெட்டுவிடும் என்ற எண்ணமும் இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

ஓய்வு பெற நான்கு வருடம் இருக்கும்போதுதான் புத்தி வந்தது. வகுப்பறையில் கொடிக்கயிறு கட்டிப் புத்தகங்களைத் துணி காயப்போடுவதுபோலத் தொங்கவிட்டேன். யார் எடுத்தது என்று எழுதும் நோட்டை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டேன். முதல் வருடம் ஒன்பது புத்தகம் திரும்பி வரவில்லை. விலையை நானே கட்டினேன். அதைவிட நல்ல செலவு என் சர்வீஸில் நான் செய்ததில்லை.

நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931லேயே நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பதுதான் முதல் விதி. அந்தக் காலத்தில் வெளிநாடுகளில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்ததை அதில் எடுத்துச் சொல்கிறார். நம் பீரோ பூட்டும் அந்தச் சங்கிலிக்குத் தம்பிதான்.

சரி, என்ன படிக்கக் கொடுக்கலாம்? எடுத்த எடுப்பில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் வாங்கி அடுக்காதீர்கள். எனக்கு உயிரான நாவல்தான். ஆனால் பழக்கமில்லாத பிள்ளை அந்தக் கனத்தைப் பார்த்தே மிரண்டுவிடும். முதல் பாகத்தை மட்டும் கொடுங்கள். மீதியை அதுவே கேட்கும்.

படிப்பு என்றாலே ஓடுகிற பையனுக்கு சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. சின்னப் புத்தகம், முழுக்க ஜல்லிக்கட்டுக் களம். முடிக்காமல் கீழே வைக்க மாட்டான்.

போனை விடாத பிள்ளைக்கு சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இரா. நடராசனின் 'ஆயிஷா'வை ஒரே மூச்சில் படித்துவிடலாம். கேள்வி கேட்கும் ஒரு மாணவியைப் பற்றியது. அதைப் படித்த பிறகு நான் பிரம்பைத் தொடவில்லை. ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் கட்டாயம் படியுங்கள்.

பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களுக்குப் பூமணியின் 'வெக்கை'. 'அசுரன்' படத்துக்கு மூலம் இதுதான். கொலை செய்துவிட்டு அப்பாவோடு ஒளிந்து திரியும் பதினைந்து வயதுப் பையனின் கதை. முதலில் நீங்கள் படித்துவிட்டுக் கொடுங்கள், சேர்ந்து பேசலாம்.

நாவல் இல்லை என்றாலும், 'டோட்டோ-சான்' தமிழில் கிடைக்கிறது. ரயில் பெட்டியில் வகுப்பு நடக்கும் ஜப்பான் பள்ளி. படித்தால் நம் பிள்ளைகளுக்கு ஏக்கம் வரும், வரட்டும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். படித்து முடித்ததும் "கதைச் சுருக்கம் எழுது, நீதி என்ன சொல்லு" என்று உட்கார வைக்காதீர்கள். பாதியில் மூடி வைத்தாலும் திட்டாதீர்கள். வேறு ஒன்றை எடுக்கட்டும்.

அடுத்த முறை பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் மார்க் கேட்பதற்கு முன்னால், "நூலக பீரோ சாவி யாரிடம் இருக்கிறது? என் பிள்ளை கடைசியாக எந்தப் புத்தகம் எடுத்தது?" என்று கேளுங்கள். சண்டையாக வேண்டாம். அந்த ஆசிரியருக்கும் என்னைப் போலவே பயம் இருக்கும். "தொலைந்தால் நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று நாலு பெற்றோர் சொன்னால் போதும், பூட்டு திறந்துவிடும்.

போன் செய்த மகளே, உனக்குத் தர வேண்டியதை அப்போது நான் தரவில்லை. உன் மகளுக்கு மூன்று புத்தகம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். திருப்பித் தர வேண்டாம். அவள் படித்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்